உதகையில் ட்யூன் செய்த கார் மேட்டுப்பாளையத்தில் ஏன் உடைகிறது? சூப்பர்சார்ஜருக்கு இரு உயரங்களிலும் சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனாலும் அவர்களிடையேயும், வார இறுதிகளில் கோவையிலிருந்து மலையேறி வரும் கார் பிரியர்களிடையேயும், டர்போ இல்லாமல் வந்த எஞ்சினுக்குப் பின்னாளில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பொருத்திக்கொள்ளும் ஆவல் வளர்ந்து வருவதைக் காண்கிறேன். "மலையில் வண்டி இழுக்கவில்லை, சூப்பர்சார்ஜர் போட்டால் சரியாகிவிடும்" என்பதே பட்டறைகளில் அவர்களுக்குச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையின் மறுபாதியைச் சொல்லாமல் விடுவதால் நல்ல எஞ்சின்கள் பாழாகின்றன. மலைப்பாதையில் உயிருக்கும் ஆபத்து நேரக்கூடும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைப் பொதுமக்களின் கவனத்துக்கும் போக்குவரத்துத் துறையின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் உண்மையான பாதி. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால் மேட்டுப்பாளையத்தில் அது 96 அளவிலும் உதகையில் 76 அளவிலும் இருக்கும். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சின், பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று தன் அழுத்தத்தால் எவ்வளவு உள்ளே நுழைகிறதோ அவ்வளவை மட்டுமே பெறுகிறது. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். ஆகவே சமவெளியில் 200 குதிரைத்திறன் தரும் எஞ்சின் உதகையில் 160-க்குச் சற்று முன்பின்னாகவே தரும். இது எஞ்சினின் கோளாறு அன்று. பர்லியாறு தாண்டிக் குன்னூரை நோக்கி ஏறும்போது, கீழே மூன்றாவது கியரில் ஏறிய கார் இரண்டாவது கியரைக் கேட்பதை மலையில் ஓட்டும் எவரும் உணர்ந்திருப்பார்.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழலும் காற்று அழுத்தி. புகைப்போக்கு வாயுவால் சுழலும் டர்போவைப் போல் அது வேகமெடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்திலேயே காற்று அழுத்தப்படும். அதன் அடிப்படை மிகப் பழையது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் பெயரே இன்றும் ஒரு வகை சூப்பர்சார்ஜருக்கு வழங்குகிறது. ஜெர்மன் பொறியாளர் காட்லீப் டைம்லர் 1885-லேயே எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். மெர்சிடிஸ் நிறுவனம் 1921-இல் சூப்பர்சார்ஜர் பொருத்திய சாலைக் கார்களை மக்கள் முன் வைத்தது. எனவே இதை ஏதோ சாலையோரத் தில்லுமுல்லு என்று யாரும் இகழ வேண்டாம். நூறாண்டுகளுக்கு மேலாகச் சோதிக்கப்பட்ட நேர்மையான பொறியியல் இது.

இனி சொல்லப்படாத பாதிக்கு வருகிறேன். பெல்ட்டால் சுழலும் சூப்பர்சார்ஜர், தன்னிடம் வரும் காற்றை ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் பெருக்குகிறது. அது ஒன்றரை மடங்கு பெருக்கும்படி புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) பொருத்தியிருந்தால், உதகையின் 76 எஞ்சினுக்குள் 114 ஆகும். அதே கார், அதே புல்லி, அதே பெல்ட்டோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் அங்குள்ள 96, 144 ஆகிவிடும். ஒரு திருகைக்கூட யாரும் தொடாதபோதே, ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் பயணத்தில், எஞ்சினுக்குள் புகும் காற்றின் அழுத்தம் நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. டாஷ்போர்டில் உள்ள பூஸ்ட் (கூடுதல் அழுத்தம்) மீட்டரும் இதை முழுமையாகக் காட்டுவதில்லை. பெரும்பாலான மீட்டர்கள் வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தத்தை மட்டும் காட்டுபவை; ஆதலால் உதகையில் (சதுர அங்குலத்துக்கு) ஐந்தரை பவுண்டு என்றும் கீழே ஏழு பவுண்டு என்றும் காட்டும்போது, ஒன்றரை பவுண்டுதானே கூடியிருக்கிறது என்று ஓட்டுபவர் நினைத்துக்கொள்கிறார். வெளிக்காற்றே கனத்திருப்பது அந்த முள்ளில் தெரிவதில்லை.

அழுத்தத்தோடு வெப்பமும் கூடுகிறது. காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பதைச் சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். 15 டிகிரி குளிரில் உதகையின் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், சாதாரணத் திறனுள்ள சூப்பர்சார்ஜரிலிருந்து அது 75 டிகிரியை ஒட்டி வெளிவரும். கோடையில் மேட்டுப்பாளையத்தின் 38 டிகிரிக் காற்று, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால், 100 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிவதால், அழுத்தம் ஒன்றரை மடங்கானாலும் காற்றின் அடர்த்தி ஒன்றேகால் மடங்குதான் ஆகிறது. இந்தக் கணக்கின்படி, இன்டர்கூலர் இல்லாமல் மிதமான பூஸ்ட் பொருத்திய கார் உதகையில் பெறுவது, சமவெளியில் அது முன்பே பெற்றிருந்த காற்றைத்தான். அதிலும் சூப்பர்சார்ஜரைச் சுழற்ற எஞ்சின் செலவிடும் சக்தியைக் கழிக்க வேண்டும். "ஐம்பது சதவீதம் கூடுதல் பவர்" என்று விலைப்பட்டியலில் எழுதும் பட்டறைகள் இந்தக் கணக்கையும் அதன் பக்கத்திலேயே எழுதிக் காட்டினால் பல இளைஞர்களின் சேமிப்பு தப்பும்.

எஞ்சின் உடைவது எப்படி என்பதையும் விளக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் சீராகப் பரவுவதற்குள், மிகுந்த அழுத்தமும் சூடும் காரணமாக எஞ்சிய காற்று-பெட்ரோல் கலவை தானே வெடித்து எரிவதை நாக்கிங் என்கிறோம். சூப்பர்சார்ஜரை மனத்தில் வைத்து வடிவமைக்காத ஸ்போர்ட்ஸ் எஞ்சின்களில் கம்ப்ரெஷன் ரேஷியோவை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவை) உயர்த்தியே வைத்திருப்பார்கள். ஹோண்டா எஸ் 2000 காரின் இரண்டு லிட்டர் எஞ்சினில் அது 11-க்கு 1. டொயோட்டா 86 காரில் 12.5-க்கு 1. ஆனால் தொழிற்சாலையே சூப்பர்சார்ஜர் வைத்துத் தயாரிக்கும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜாகுவாரின் ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் சூப்பர்சார்ஜர் இல்லாமல் வந்தபோது 11.5-க்கு 1 என்றும், சூப்பர்சார்ஜரோடு வந்தபோது 9.5-க்கு 1 என்றும் இருந்தது. அந்தக் குறைப்புக்காகப் பிஸ்டன் மாற்றப்பட்டது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், குளிரூட்டல், ஸ்பார்க் வரும் நேரமான இக்னிஷன் டைமிங் அனைத்தும் புதிதாகக் கணக்கிடப்பட்டன. நம் பட்டறைகளில் பெரும்பாலும் எஞ்சினைத் திறப்பதே இல்லை. மேலே சூப்பர்சார்ஜரை ஏற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் பெட்ரோல் அளவையும் டைமிங்கையும் மாற்றி எழுதி, சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

மலை செய்யும் தனிக்கேடு இங்கேதான் இருக்கிறது. ஈசியூவில் உள்ள மேப் என்பது, எந்த அழுத்தத்தில், எந்தச் சுழற்சி வேகத்தில், எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று சொல்லும் அட்டவணை. உதகையில் ட்யூன் செய்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், எஞ்சினுக்குள் 114-க்கு மேல் அழுத்தம் வருவதை அங்கே பார்க்கவே முடியாது. ஏனெனில் அங்கே அது வருவதில்லை. ஆகவே 120, 130, 140 என்ற கட்டங்களில் அவர் எழுதியிருப்பவை சோதிக்கப்படாத ஊகங்கள். கார் கல்லாறைத் தாண்டிச் சமவெளியில் நேர்சாலையைக் கண்டு, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போதுதான் எஞ்சின் முதன்முறையாக அந்தக் கட்டங்களுக்குள் நுழைகிறது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரின் காரில் நடந்தது இதுவே. மலையில் மாதக்கணக்கில் குறையில்லாமல் ஓடிய வண்டி, கோடை நண்பகலில் கோவைச் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது புகை கக்கி நின்றது. பிரித்துப் பார்த்ததில் இரண்டு பிஸ்டன்களில் ரிங் உட்காரும் விளிம்புகள் நொறுங்கியிருந்தன. நாக்கிங் நடந்ததற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. பட்டறையில் அவருக்குக் கிடைத்த பதில், பெட்ரோல் சரியில்லை என்பது.

பெட்ரோலும் முக்கியமானதுதான், மறுக்கவில்லை. ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண். சாதாரண பெட்ரோலைவிட உயர்ந்த ஆக்டேன் உள்ள பெட்ரோல் வகைகளும் விற்கப்படுகின்றன என்றாலும், மலையில் எல்லா பங்க்குகளிலும் அவற்றை எதிர்பார்க்க முடியாது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்குவதில் உதவும். ஆனால் அதே காற்றுக்கு அதிக அளவு எரிபொருள் வேண்டும் என்பதால், ஏற்கெனவே எல்லையில் வேலை செய்யும் பழைய இன்ஜெக்டர்கள் போதாமல் போய்க் கலவையில் எரிபொருள் குறைந்துவிடும். எரிபொருளைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்க வேண்டியவர், வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதற்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

உயரத்துக்கும் சூப்பர்சார்ஜருக்கும் உள்ள இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் விமானப் பொறியாளர்கள். மெல்லிய காற்றில் பறக்க வேண்டிய போர் விமானங்களுக்குச் சூப்பர்சார்ஜர் இன்றியமையாததாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினின் சூப்பர்சார்ஜர், பல ஆயிரம் அடி உயரத்தில் தேவையான காற்றைத் தரும் அளவுக்குப் பெரிதாக வடிவமைக்கப்பட்டது. அதே எஞ்சினைத் தரைமட்டத்தில் முழுத் த்ராட்டிலில் (காற்று செல்லும் வழியின் கதவை முழுதும் திறந்து) ஓட்டினால் அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அதனால் விமானியின் கையை நம்பி விடாமல், உள்ளே செல்லும் அழுத்தத்தை அளந்து, வரம்பைத் தாண்டாதபடி த்ராட்டிலைத் தானே மூடி வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையும் அவர்கள் சேர்த்தே பொருத்தினார்கள். விமானம் மேலே செல்லச் செல்ல அது மெல்லத் திறந்துகொடுக்கும். 1940-இல் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்த பிறகே அந்த வரம்பை ஆறேகால் பவுண்டிலிருந்து பன்னிரண்டு பவுண்டுக்கு உயர்த்தத் துணிந்தார்கள். எரிபொருள் மாறியதும் வரம்பு மாறியது; எரிபொருள் மாறாமல் வரம்பைத் தாண்ட விடவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன் போர்க்கால அவசரத்திலும் கைவிடாத அந்த ஒழுங்கை, ஓய்வாகச் செய்யும் கார் வேலையில் நாம் கைவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இன்று அந்தக் கட்டுப்பாட்டைக் காரில் பொருத்துவது கடினமே இல்லை. வெளிக்காற்றை ஒப்பிடாமல் முழு அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்றும், அழுத்தம் நிர்ணயித்த எல்லையைத் தொட்டதும் மிகுதிக் காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும், அல்லது அந்த எல்லைக்கு மேல் த்ராட்டிலைத் திறக்க விடாத ஈசியூ அமைப்பும் போதும். அப்படிச் செய்த கார், உதகையில் முழுப் பயனைத் தரும்; கீழே இறங்கினால் தன்னை அடக்கிக்கொள்ளும். மலைவாசிக்குச் சூப்பர்சார்ஜர் தேவை என்று வாதிடுபவர் நேர்மையானவராக இருந்தால், அவர் விற்க வேண்டியது இந்த அமைப்பைத்தான்.

எந்த வகை சூப்பர்சார்ஜர் என்பதிலும் மலைப்பாதைக்கு ஏற்ற தேர்வு வேண்டும். மையவிலக்கு வகையில் பூஸ்ட், சுழற்சி வேகத்தோடு சேர்ந்து செங்குத்தாக உயரும். கொண்டை ஊசி வளைவிலிருந்து இரண்டாயிரம் சுழற்சியில் வெளிவரும் காருக்கு அதனால் பெரிய பயன் இல்லை, பயன் வரும் வேகத்தை மலைச்சாலை அனுமதிப்பதும் இல்லை. ரூட்ஸ் வகையும் இரட்டைத் திருகு வகையும் குறைந்த சுழற்சியிலேயே இழுவையைத் தருகின்றன. ஆனால் பின்சக்கர இழுவையுள்ள இலகுவான காரில், மழையிலும் பனிமூட்டத்திலும் நனைந்து கிடக்கும் வளைவின் நடுவே அந்த இழுவை திடீரென்று வந்தால் பின்பக்கம் வழுக்கும். எனவே ஆக்சிலரேட்டரின் முதற்பாதியை மென்மையாக்கி எழுதுவதும் ட்யூனிங் வேலையின் ஒரு பகுதிதான். அதை நான் கேட்டறிந்தவரை யாரும் விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை.

இறக்கத்தைப் பற்றியும் ஓரிரு வார்த்தை. 1,300 கிலோ எடையுள்ள கார் உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, ஏறத்தாழ 24 மெகாஜூல் ஆற்றலை எஞ்சின் பிரேக்கிங்கும் பிரேக்குகளும் காற்றின் எதிர்ப்பும் உறிஞ்சியாக வேண்டும். எஞ்சினின் பவர் எவ்வளவு என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பே இல்லை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நேர்ந்த விபத்துகளில் பிரேக் சூடேறிச் செயலிழந்ததே அடிக்கடி சொல்லப்படும் காரணம். பூஸ்ட் வேண்டும் என்று கேட்டு வருபவரிடம், முதலில் பிரேக் பேடுகளையும் டிஸ்குகளையும் பாருங்கள், ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயிலை மாற்றுங்கள் என்று சொல்வதே மலைநாட்டு மெக்கானிக்கின் கடமை.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், விதிமீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் விபத்துக்குப் பின் இழப்பீட்டுக் கோரிக்கையே சிக்கலாகும். இவ்வளவும் தெரிந்தே பலர் செய்கிறார்கள். புகைப் பரிசோதனையில் கார் சுமையில்லாமல் நின்றபடி ஓடுவதால், பூஸ்ட் வரும் நிலையே அங்கே எழுவதில்லை, சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. மறைவில் நடக்கும் வேலைக்கு ரசீது இல்லை, பொறுப்பு இல்லை, எஞ்சின் உடைந்தால் கேட்க இடமும் இல்லை.

வெறும் தடையால் இது நின்றுவிடாது என்பது என் உறுதியான கருத்து. இதே சட்டத்தின் கீழ், பெட்ரோல் காரைச் சிஎன்ஜிக்கு மாற்ற வழி இருக்கிறது. சோதித்து ஒப்புதல் பெற்ற கிட், அதைப் பொருத்தத் தகுதி பெற்ற மையம், பின்னர் பதிவுச் சான்றில் குறிப்பு என்று அந்த முறை ஒழுங்காக நடந்து வருகிறது. பழைய வாகனத்தில் மின் மோட்டார் பொருத்துவதற்கும் விதிமுறைகள் உண்டு. ஜெர்மனியில் எஞ்சின் மாற்றங்களை அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் சோதித்து வாகன ஆவணத்தில் பதியும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. பூனாவில் வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆராய் (ARAI) நிறுவனமும், நம் மாநிலத்திலேயே ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் (GARC) இருக்கும்போது, சூப்பர்சார்ஜர் கிட்டுகளுக்கும் அத்தகைய சோதனை முறையை வகுப்பது இயலாத காரியமாகத் தோன்றவில்லை. மத்திய அரசின் விதித் திருத்தம் வேண்டும் என்பதை அறிவேன். மாநிலப் போக்குவரத்துத் துறை அதைப் பரிந்துரைக்கலாம் அல்லவா?

அப்படி முறை வகுக்கப்படுமானால் மலை மாவட்டத்தவன் என்ற வகையில் நான் வற்புறுத்துவது இது: சோதனை ஓர் உயரத்தில் மட்டும் நடந்தால் போதாது. 300 மீட்டருக்குக் கீழும் 2,000 மீட்டருக்கு மேலும், முழு த்ராட்டிலில், காற்றின் வெப்பமும் நாக்கிங் சென்சாரின் அளவும் பதிவு செய்யப்பட வேண்டும். முழு அழுத்தத்தின் மேல்வரம்பும், எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு அந்த வரம்பு பொருந்தும் என்பதும் பதிவுச் சான்றில் எழுதப்பட வேண்டும். பிரேக் சோதனை இல்லாமல் எஞ்சின் ஒப்புதல் தரக் கூடாது. மையவிலக்கு வகையோ ரூட்ஸ் வகையோ, பொருத்திய பட்டறையின் பெயரும் புல்லியின் அளவும் ஆவணத்தில் இருந்தால், பின்னர் யாரும் சிறிய புல்லியை மாட்டி அழுத்தத்தைக் கூட்டினாலும் கண்டுபிடிக்க முடியும்.

அதுவரை, பட்டறை உரிமையாளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். சாலையில் ஓடும் காருக்கு இன்றைய நிலையில் இந்த மாற்றம் சட்டப்படி செல்லாது என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். பந்தயத் தடத்துக்கு மட்டும் பயன்படும் காரில் செய்வதானால், கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற தடத்தில், சமவெளியின் காற்றிலேயே ட்யூன் செய்யுங்கள். சமவெளியில் தாங்கும் மேப் மலையிலும் தாங்கும், மறுதலையாக நடக்காது. சாலைக் காரோடு வரும் இளைஞர்களுக்கு என் ஆலோசனை, இருக்கும் எஞ்சினைச் செவ்வனே பராமரித்து, மலைக்கு ஏற்ற நல்ல டயர்களுக்கும் பிரேக்குகளுக்கும் அந்தப் பணத்தைச் செலவிடுங்கள் என்பதே. கூடுதல் இழுவை கட்டாயம் வேண்டுமென்றால், தொழிற்சாலையிலேயே டர்போவோடு வரும் கார்கள் இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. அவற்றில் அழுத்தத்தை அளந்து டர்போவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருப்பதால் உதகையிலும் மேட்டுப்பாளையத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு காற்று எஞ்சினுக்குக் கிடைக்கும்.

போக்குவரத்துத் துறை ஆணையர் இது குறித்துப் பொறியாளர்கள், பட்டறையாளர்கள், காப்பீட்டுத் துறையினர், மலை மாவட்டக் காவல் துறையினர் ஆகியோரை அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்றும், அக்கூட்டத்தை நீலகிரியிலேயே நடத்த வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் விரிவுரையாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.